சட்னி ஜாருக்குள் பெய்த மழை

ஒரு வீட்டில் ஒரு இழுப்பறை இருந்தது. அதற்குள் கேஸ் புத்தகம், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள், காலாவதியான வாரண்டி அட்டைகள், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கதை.

கதையின் பெயர் ‘சட்னி ஜார்’. எமிலி என்பவளின் மிக்ஸியில் இருந்த சின்ன ஜாரை, எதிர்வீட்டுப் பங்கஜவல்லி ஒருநாள் இரவல் வாங்கிப் போகிறாள். ஜார் திரும்பி வருகிறது, மூடி வரவில்லை. “மூடியோடதான் குடுத்தேன்” என்கிறாள் எமிலி. “மொட்டையாத்தான் குடுத்தீங்க” என்கிறாள் பங்கஜவல்லி. அன்று ஆரம்பிக்கிறது போர். துணி காயப்போடும் கொடி, வாசல் கோலம், குப்பைக்கூடை, கிறிஸ்துமஸ் கேக், தீபாவளி முறுக்கு, எல்லாமே ஆயுதம். கடைசியில் மூடி எங்கே இருந்தது என்பதுதான் கதை. அது இப்போது வேண்டாம்.

பத்திரிகைகள் சட்னி ஜாரைத் திருப்பி அனுப்பியிருந்தன. ஒரு பத்திரிகை ‘சமூக அக்கறை போதவில்லை’ என்று எழுதியிருந்தது. சட்னி ஜாருக்கு அதில் பெரிய வருத்தமில்லை. அவளுக்கு ஒரே ஒரு ஆசை. யாராவது ஒருத்தர் காபி குடித்துக்கொண்டே தன்னைப் படிக்க வேண்டும், காபி அவருக்குப் புரையேற வேண்டும். சிரிக்கவைப்பதற்கென்றே பிறந்தவள், வாரண்டி அட்டைகளுக்கு எத்தனை நாள்தான் கிச்சுகிச்சு மூட்டுவாள்? அவற்றுக்கு உயிர் போயே வருஷக்கணக்கு ஆகிறது.

அந்தக் கார்த்திகையில் புயல் வந்தது.

நண்டுக்குப்பம் என்ற கடற்கரை ஊரில் அது மரங்களை முறித்தது, படகுகளைத் தெருவில் கொண்டுவந்து போட்டது, அங்கன்வாடியின் கூரையை அப்பளம் மாதிரி எடுத்துக் கடலில் போட்டது. அன்றைக்குப் பிள்ளைகளுக்கு லீவு விட்டிருந்ததால் பிள்ளைகள் மிஞ்சினார்கள். கூரை மிஞ்சவில்லை.

நகரத்தில் எல்லோரும் மனம் இரங்கினார்கள். அரிசி இருந்தவர்கள் அரிசி அனுப்பினார்கள். பழைய புடவை இருந்தவர்கள் புடவை அனுப்பினார்கள். எழுத்தாளர் மன்றத்திடம் எழுத்து இருந்தது. ஒரு தொகுப்பு போடுவது, அதை விற்று நண்டுக்குப்பத்து அங்கன்வாடிக்குப் புதுக் கூரை போட்டுக் கொடுப்பது என்று மன்றம் முடிவு செய்தது. யோசனையில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. யோசனைகளில் குற்றம் இருப்பதில்லை. அவை நடக்க ஆரம்பிக்கும்போதுதான் கால் பின்னிக்கொள்கிறது.

தொகுப்புக்கு ‘அலைகளுக்கு ஆறுதல்’ என்று பெயர் வைத்தார்கள். அடித்தது அலை, அதற்கு எதற்கு ஆறுதல் என்று யாரும் கேட்கவில்லை.

இழுப்பறை திறந்தது. சட்னி ஜார் வெளிச்சத்துக்கு வந்தாள். தூசி தட்டப்பட்டு, உறையில் போடப்பட்டு, மன்றத் தலைவர் வீட்டு மேசையில் போய் விழுந்தாள்.

அங்கே ஏற்கெனவே பெரிய வரிசை. கான்வென்ட் அசெம்பிளியில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி கவிதைகள் எல்லாம் வெள்ளை உடுத்தி, தலைகுனிந்து நின்றன. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு கடல்.

“கடலே, உனக்கு ஏன் இந்தக் கோபம்?” என்றது முதல் கவிதை.

“கடலே, உனக்கு ஏனிந்தச் சீற்றம்?” என்றது இரண்டாவது.

“ஏ கடலே!” என்று தொண்டையைச் செருமியது மூன்றாவது. அதற்கப்புறம் அது என்ன கேட்கப்போகிறது என்று வரிசைக்கே தெரியும்.

வரிசையின் தலையில், நகமும் ரிப்பனும் சரிபார்க்கிற தலைமைக் கன்னியாஸ்திரி மாதிரி உட்கார்ந்திருந்தது முன்னுரை. அகலமான ஆள். புத்தகத்துக்கு முன்னால் பிறந்துவிட்டதால் புத்தகத்தையே தான்தான் பெற்றதாக நினைப்பு.

“உன் பெயர்?”

“சட்னி ஜார்.”

முன்னுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டது. “உன்னுள் புயல் உண்டா?”

“பங்கஜவல்லிக்குக் கோபம் வந்தா புயல்தான், சார்.”

“மழை?”

“துணி காயப்போடற காட்சி இருக்கு. நல்லா வெயில் அடிக்கும்.”

“எவரேனும் மரிக்கின்றனரா?”

“ஒரு முறுக்கு நொறுங்குது.”

வரிசையில் கடைசியாக நின்ற குட்டிக் கவிதை ஒன்று களுக்கென்று சிரித்தது. பக்கத்துக் கவிதை அதன் விலாவில் இடித்தது.

“இது துயர் துடைக்கும் தொகுப்பு” என்றது முன்னுரை. “இங்கே நகைப்புக்கு இடமில்லை.”

“சார், கூரை போனவங்களுக்குக் கூரை வாங்கத்தானே இந்தப் புத்தகம்? வாங்கறவங்க அழுதாத்தான் ஷீட் வருமா? சிரிச்சா வராதா?”

“வாங்குவது, விற்பது என்பதெல்லாம் இலக்கியம் பேசும் மொழி அன்று.”

“அப்போ கூரை?”

“அது தானாக வரும்.”

போனது மட்டும்தான் தானாகப் போனது என்று சொல்ல வாயெடுத்தாள் சட்னி ஜார். அதற்குள் அவளை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள். ஓரமாக நிற்பது அவளுக்குப் புதிதில்லை.

மன்றத் தலைவர் சட்னி ஜாரை எழுதியவளுக்கு போன் போட்டார். “கதை பிரமாதம் மேடம். முடிவை மட்டும் எடுத்துட்டு ஒரு சின்ன மழை சேர்த்துடலாமா? பொருத்தமா இருக்கும். கடைசிப் பக்கத்துல இடம் வெச்சிருக்கோம்.” எழுதியவள் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். யோசித்தாள். பெயர் அச்சில் வரும். நாத்தனார் பார்ப்பாள். குக்கர் அடுத்த விசில் கொடுப்பதற்குள் சம்மதித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் சட்னி ஜாரின் வாலை நறுக்கிவிட்டார்கள். மூடி கிடைக்கிற இடம் அந்த வாலில்தான் இருந்தது. வலியில் அவள் முனகிக்கொண்டிருந்தபோது, சொட்டச் சொட்ட நனைந்தபடி ஒருவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“நீ யாரு?”

“மழைப் பத்தி. என்னை உன் வால்ல தைக்கச் சொல்லி அனுப்பியிருக்காங்க.” அவன் சட்டையைப் பிழிந்துகொண்டான். “கோவிச்சுக்காதே. நான் கூலிக்கு வர்றவன். இந்த வாரத்துல எத்தனை இடம் தெரியுமா? ஒரு காதல் கதையில காதலியை அடிச்சுட்டுப் போனேன். பசுமாட்டைப் பத்தி ஒரு கட்டுரை. மாட்டையும் விடலை.”

“என் பங்கஜவல்லி?”

மழைப் பத்தி தரையைப் பார்த்தான். “போயிட்டாங்க. வெள்ளத்துல. கையில மூடியோட.”

“அடப்பாவி! அவ மூணாவது மாடியில குடியிருக்கா!”

“அதெல்லாம் எனக்கு யாரும் சொல்லலை. ‘வான் பிளந்தது’ன்னு ஆரம்பிக்கணும், ஒரு ஆளைக் கொண்டுபோகணும், ‘மிஞ்சியது மௌனம்’னு முடிக்கணும். எங்கே போனாலும் எனக்கு இதான் வேலை.”

“எமிலியும் பங்கஜவல்லியும் இருக்கிற இடத்துல மௌனமா? அந்த மாடியில இருக்கிற யாரையாவது கேட்டுப் பாரு.”

“எனக்கும் ஆசையா என்ன? நான் ஒருநாளாவது யாராவது நட்ட நாத்து மேல பெய்யணும்னு நினைச்சுப் பிறந்தவன்” என்றான் மழைப் பத்தி. இருவரையும் சேர்த்துத் தைத்தார்கள். தையல் தெரியும்படிதான் தைத்தார்கள்.

புத்தகம் உடனே வந்துவிடவில்லை. முன்னுரை வளர்ந்துகொண்டே இருந்தது. தலைவர், துணைத்தலைவர், செயலாளர், அச்சகத்தார், அட்டைக்குப் படம் கொடுத்தவர், அவரை அறிமுகப்படுத்தியவர் என்று ஒவ்வொருவராக அதற்குள் ஏறி உட்கார, கூட்ட நேரத்து டவுன் பஸ் மாதிரி ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. கார்த்திகைப் புயலுக்குச் சித்திரை வெயிலில் புத்தகம் வெளியானது.

வெளியீட்டு விழா அமர்க்களம். மேடை, பேனர், பூங்கொத்து, கேடயம், வந்தவர்க்கெல்லாம் பொன்னாடை. அன்றைக்குப் போர்த்திய பொன்னாடைகளைச் சேர்த்துத் தைத்திருந்தாலே நண்டுக்குப்பத்துக்கு ஒரு கூரை தேறியிருக்கும். கவிஞர்கள் கவிதையை வாசித்தார்கள். அழுதார்கள். ஏசியை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னார்கள்.

வாசலில் விற்பனைக்கு என்று ஒரு மேசை போட்டிருந்தது. அதன்மேல் அட்டை மினுமினுக்க சட்னி ஜார் காத்திருந்தாள்.

மேசையருகே வந்த எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள். “எனக்கு வந்துடுச்சே!”

அங்கேதான் கால் பின்னியது. இந்த மாதிரிப் புத்தகத்தை வாங்குகிறவர்கள் யார்? இதில் எழுதியவர்கள். எழுதியவர்களுக்கு என்ன கொடுப்பது? இலவசப் பிரதி. தனக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று, ஷோகேஸுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டார் வரும்போது டீப்பாயில் கிடக்க ஒன்று. எல்லோரும் கொடுக்கத்தான் வந்தார்கள், எல்லோரும் பையை நிரப்பிக்கொண்டு போனார்கள். வந்த கொஞ்சநஞ்சமும் மேடைக்கும் பொன்னாடைக்கும் போய்விட்டது.

மிச்சப் பிரதிகள் கட்டுக்கட்டாகத் தலைவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. ஆடி பிறக்கும்வரை அங்கேயே இருந்தன. ஒருநாள் தலைவரின் மனைவி அதில் கால் இடறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இதுல தடுக்கி விழுந்து நான் போய்ச் சேர்ந்தா, அதுக்கும் ஒரு தொகுப்பு போடுவீங்களா?”

அடுத்த நாளே பழைய துணி ஏற்றிப்போகிற லாரியில் கட்டுகள் ஏறின. “பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் துயரைத் தாங்களே வாசித்து ஆறுதல் அடையட்டும்” என்றார் தலைவர். முன்னுரைக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துப்போனது. தனக்குள் அது இல்லையே என்று வழியெல்லாம் வருந்தியது.

நண்டுக்குப்பத்தில் அவர்களை அங்கன்வாடிக்குள் இறக்கினார்கள். அங்கே கூரை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீலத் தார்ப்பாய் நான்கு மூலையிலும் கயிற்றைக் கடித்துக்கொண்டு தொங்கியது. நடுவில் இரண்டு கிழிசல், வயிறு தொய்ந்த உடம்பு.

“வாங்க, வாங்க!” என்று படபடத்தது தார்ப்பாய். “கூரை நீங்கதானா? ரெண்டே வாரம், தற்காலிகம்னு சொல்லித்தான் என்னை இங்கே கட்டினாங்க. மாசம் எத்தனை ஆச்சு! வர்ற ஐப்பசியை நான் தாங்க மாட்டேன். கீழே பிள்ளைங்க இருக்கு.”

முன்னுரை எழுந்து நின்றது. “நாங்கள் மனத்தின் கூரை.”

“மழை மனசு மேலயா பெய்யுது?” என்றது தார்ப்பாய்.

முன்னுரை உட்கார்ந்துவிட்டது. சட்னி ஜாருக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை கூசியது. கவிதைகள் சன்னல் பக்கம் திரும்பின. அங்கே, கூப்பிடு தூரத்தில், சாட்சாத் கடல் படுத்திருந்தது. இத்தனை மாதம் வாயில் வைத்திருந்த கடலை நேரில் பார்த்ததும் ஒன்றுக்கும் பேச்சு வரவில்லை. கடைசியில் முதல் கவிதைதான் துணிந்தது.

“கடலே... உனக்கு ஏன் இந்தக் கோபம்?”

கடல் பாதித் தூக்கத்தில் திரும்பிப் படுத்தது. “எனக்கென்ன கோபம்? தள்ளுனது காத்து. அவனைப் போய்க் கேளு.”

அந்த மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கிய பிறகு, அங்கன்வாடி சமையலுக்கு இருந்த குணவதி ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். மீன் விற்றுவிட்டுத் திரும்பிய அஞ்சலாட்சி, தலையிலிருந்த அன்னக்கூடையை இறக்கிவைத்துவிட்டு, தார்ப்பாயின் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

“என்னாடி அது?”

“நம்ம புயலப் பத்தியாம். ‘கடலே, உனக்கு ஏன் இந்தக் கோபம்...’”

“அடுத்தது?”

“‘கடலே, உனக்கு ஏனிந்தச் சீற்றம்...’”

“அடுத்தது?”

“‘ஏ கடலே...’”

“இவங்களுக்கெல்லாம் கடல்கிட்ட ஏதோ பாக்கி இருக்குது போல. நமக்குத்தான் அது நேராவே வந்து சொல்லிட்டுப் போச்சே. வேற ஏதாச்சும் இருந்தா படி, இல்லன்னா தூங்க விடு.”

குணவதி புத்தகத்தைப் பின்னாலிருந்து புரட்டினாள். சட்னி ஜார் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“‘எமிலியின் மிக்ஸிக்கு மூன்று ஜார். அதில் சின்னவளுக்குத்தான் ஊர்சுற்றும் புத்தி’” என்று படிக்க ஆரம்பித்தாள் குணவதி.

முதல் பத்தி முடிவதற்குள் அஞ்சலாட்சி நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள். மூடி இல்லாமல் ஜார் திரும்பி வந்த இடத்தில் “அடியே!” என்றாள். எமிலி கிறிஸ்துமஸ் கேக்கில் எதிர்வீட்டுக்கு மட்டும் முந்திரி இல்லாத துண்டாகப் பார்த்து வெட்டி அனுப்பிய இடத்தில் தொடையைத் தட்டிச் சிரித்தாள். பங்கஜவல்லி பதிலுக்கு நொறுங்கின முறுக்காகப் பொறுக்கி அனுப்பியபோது, குடித்துக்கொண்டிருந்த டீ மூக்குக்கு ஏறி, குணவதி அவள் தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது. தூங்கின பிள்ளை ஒன்று எழுந்து, காரணம் தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தது.

காபி கேட்டவளுக்கு டீ கிடைத்தது. போதும், இனி வாரண்டி அட்டைக்கு அடியிலேயே காலம் தள்ளினாலும் பரவாயில்லை என்று சட்னி ஜாருக்குத் தோன்றியது. ஆனால் குணவதி கடைசித் தாளைத் திருப்பிவிட்டாள்.

“‘வான் பிளந்தது...’”

“எது பொளந்துது?”

“வானம். மழை வருது. வெள்ளம் வருது. பங்கஜவல்லி... ஐயையோ, செத்துட்டாக்கா.”

“மாடியில இருந்தவ எப்படிடி செத்தா?”

“தெரியலக்கா. கையில மூடி இருந்துதாம். மிஞ்சியது மௌனமாம்.”

அஞ்சலாட்சியின் முகம் மாறியது. எழுந்து வந்து புத்தகத்தைக் கையில் வாங்கினாள். “இந்த மழையை எனக்குத் தெரியும். என் வீட்டுக்குள்ளயே இடுப்பளவு நின்னுட்டுப் போனது. இத யாருடி கேட்டா? மூடி எங்க போச்சு, அதச் சொல்லச் சொல்லு!”

சொல்லிவிட்டு, கடைசித் தாளைப் பிடித்துச் சர்ரென்று கிழித்தாள். சட்னி ஜாருக்குத் தையல் பிரிந்தது. வலிக்கவில்லை.

“நான் வர்றேன்” என்றான் மழைப் பத்தி, கசங்கிக்கொண்டே. “வருத்தப்படாதே. எனக்கும் லீவு வேணும்.” குணவதி அவனை அடுப்பில் போட்டாள். ஈர விறகு, பிடிக்கவே மாட்டேன் என்று புகைந்துகொண்டிருந்தது. மழைப் பத்தி குப்பென்று பிடித்துக்கொண்டு அருமையாக எரிந்தான். பிள்ளைகளுக்குச் சாயங்காலச் சுண்டல் அந்த நெருப்பில்தான் வெந்தது. நாற்று மேல் பெய்யக் கிடைக்காவிட்டால் என்ன, சுண்டலாவது ஆயிற்று.

“மூடி எங்கக்கா போயிருக்கும்?” என்றாள் குணவதி.

“இதுல என்ன யோசனை? எமிலி வீட்டுலயேதான் இருந்திருக்கும். மாவு டின்னுக்குப் பின்னால உருண்டு போயிருக்கும். ஒருநாள் துடைக்கறப்ப கெடைச்சிருக்கும். கெடைச்சவ என்னா பண்ணியிருப்பா? முந்தானையில மறைச்சு எடுத்துட்டுப் போயி, பங்கஜவல்லி அடுப்படி மேடையில வெச்சுட்டு, ‘பாத்தியா, உன் வீட்டுலதான் இருக்குது!’ன்னு கத்தியிருப்பா.”

“எப்படிக்கா அவ்ளோ உறுதியா சொல்ற?”

“நானா இருந்தா அதத்தான் பண்ணுவேன்.”

சட்னி ஜார் அட்டைக்குள்ளேயே துள்ளினாள். வெட்டி எறிந்த அவளுடைய வால், எழுத்து மாறாமல், அஞ்சலாட்சியின் வாயிலிருந்து வந்திருந்தது!

அப்போது தார்ப்பாயின் கிழிசல் வழியே காற்று ஒரு கைப்பிடி மணலைப் பிள்ளைகள் மேல் கொட்டியது. அஞ்சலாட்சி நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் புத்தகக் கட்டுகளைப் பார்த்தாள். அப்புறம் தன் அன்னக்கூடையைப் பார்த்தாள்.

“இத வித்தா நமக்குக் கூரைன்னு சொல்லித்தானடி போட்டாங்க?”

“அப்படித்தான் அட்டையில போட்டிருக்குது.”

“அவங்களுக்கு விக்கத் தெரியல. அதுக்கு நாம என்னா பண்றது? எல்லாத்துலயும் கடைசித் தாளக் கிழி.”

மறுநாள் காலை, நகரத்துக்குப் போகிற முதல் பஸ்ஸில், சங்கராவுக்கும் நெத்திலிக்கும் பக்கத்தில் பிளாஸ்டிக் பையில் சுற்றப்பட்டு சட்னி ஜார் உட்கார்ந்திருந்தாள். அன்னக்கூடைக்கு அலுமினியத் தொண்டை. மெதுவாகப் பேச வராது.

“எவன்டா அது மூக்கைப் பொத்தறவன்?”

“எம்மை எங்கே கொண்டுசெல்கிறீர்கள்?” என்றது முன்னுரை.

“விக்கப் போறோம் சாமி. உனக்கு அது கெட்ட வார்த்தையாமே? காதையும் சேர்த்துப் பொத்திக்கோ.”

முதல் தெருவில் முதல் வீடு. கதவைத் திறந்த அம்மாள் மீனை அழுத்திப் பார்த்தாள். “சங்கரா எப்படி?”

“சங்கரா கெடக்கட்டும்” என்றாள் அஞ்சலாட்சி. “எதிர்வீட்டம்மா உன்கிட்ட வாங்கிட்டுப் போயி எதையாச்சும் திருப்பித் தராம வெச்சிருக்குதா?”

அந்த அம்மாள் எதிர்வீட்டைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். “இட்லித் தட்டு.”

“அப்போ உனக்குத்தான் இந்தப் புத்தகம்.”

ஒரே தெருவில் கட்டுக் கட்டாகப் போனது. எதிர்வீட்டம்மாளும் ஒன்று வாங்கினாள். அவளுக்கும் ஒரு வழக்கு இருந்தது, தோசைத் திருப்பி.

சாயங்காலத்துக்குள் அந்தத் தெருப் பெண்கள் எல்லாம் படித்துவிட்டார்கள். மறுநாள் அன்னக்கூடை தெருமுனை திரும்பும்போதே வாசலில் கூட்டம்.

“ஏம்மா, முடிவைக் காணோமே! மூடி எங்கேதான் போச்சு?”

“அது புத்தகத்துல இல்ல. என் வாயில இருக்குது. மீன எடு, சொல்றேன்.”

ஒரு தெருவில் மூடி மாவு டின்னுக்குப் பின்னால் கிடைத்தது. இன்னொரு தெருவில் அதைப் பூனை கொண்டுபோனது. மூன்றாம் தெருவில் எமிலியின் புருஷனே அதைத் தூக்கிப்போட்டுவிட்டுச் சண்டையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தெருவில் அன்று பல புருஷன்மார்களுக்குச் சரியாகச் சாப்பாடு விழவில்லை. சட்னி ஜார் பூரித்துப்போனாள். ஒரு வால் போன இடத்தில் ஊர் முழுக்க வால்!

கடைசித் தெருவில் ஒரு கவிஞர் வீடு. ‘ஏ கடலே’ அவருடையதுதான். ஷோகேஸில் இலவசப் பிரதிகள் வரிசையாக நின்றன. கதவைத் திறந்தது அவர் மனைவி, கையில் காபியோடு.

“எங்ககிட்ட நிறைய இருக்கும்மா. ஆனா ஊரெல்லாம் மூடி மூடின்னு பேசறாங்க. எங்க புத்தகத்துல பங்கஜவல்லி செத்துப்போயிடறாளே?”

“உங்க புத்தகத்துல கடைசித் தாள் இருக்குதா?”

“இருக்கே.”

அஞ்சலாட்சி உச்சுக்கொட்டினாள். “அது பழுதான புத்தகம்மா. கடைசித் தாள் இல்லாததுதான் சரியானது.”

அந்த அம்மாள் அப்போதே ஒன்றை வாங்கினாள். உள்ளேயிருந்து கவிஞர் எட்டிப்பார்த்தார். “அதில் என்னுடைய கவிதையும் இருக்கிறது, கவனித்தீர்களா?”

“அது சும்மா கூட வருது சார்” என்றாள் அஞ்சலாட்சி. “கறிவேப்பிலை மாதிரி.”

கவிஞர் கதவுக்குப் பின்னால் போய்விட்டார். அவர் மனைவிக்குக் கையிலிருந்த காபி புரையேறியது. பையோரமாக எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த சட்னி ஜார் அதைக் கண்ணாரக் கண்டாள்.

புரட்டாசி முடிவதற்குள் டிராக்டரில் ஷீட் வந்து இறங்கியது. ஆணி அடித்தார்கள், கம்பி முறுக்கினார்கள். கடைசி ஷீட் ஏறியதும் தார்ப்பாயின் கயிறுகளை அவிழ்த்தார்கள். அது தரையில் விழுந்து, மடித்து மூலையில் வைப்பதற்குள்ளேயே குறட்டை விட ஆரம்பித்துவிட்டது.

திறப்பு விழாவுக்கு மன்றத் தலைவர் தானாகவே வந்தார். கூடவே பேனரும் வந்தது. அவர் புது மைக் முன் நின்று, தொகுப்பைத் திறந்து, முன்னுரையை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். முன்னுரை நெஞ்சை நிமிர்த்தியது. அதற்கு இது இரண்டாம் பிறவி.

“பேரன்புடையீர்! அலைகளுக்கு ஆறுதல் கூற விழையும்...”

தடதடவென்று மேலே ஷீட்டில் ஐப்பசி மழை இறங்கியது.

தலைவர் குரலை உயர்த்தினார். மழையும் உயர்த்தியது. அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. “கேக்கல சார்!” என்று கத்தினாள் குணவதி. “கேக்கல சார்!” என்று பிள்ளைகள் எல்லாம் கோரஸாகக் கத்தினார்கள். அவர்களுக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. அஞ்சலாட்சி தன் அன்னக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, நிமிர்ந்து ஷீட்டின் ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். எங்கும் ஒழுகவில்லை.

சன்னல் மேடையில் கிடந்த சட்னி ஜார் ஒருமுறை தன் வாலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஈரமில்லை.

மழை கதைக்கு வெளியே பெய்துகொண்டிருந்தது.